சக்கரங்களும் தேவ அருளும்

மாலைச் செபம் முடிந்து கோவில் வளவில் சனம் கலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு தாய் சற்று ஒதுங்கி நின்றார். எல்லாரும் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்:

“சுவாமி, பெடியன் இப்ப செபமாலைக்கு இருக்கிறானில்லை. அறைக்கதவைச் சாத்திப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடிக்கிறான். முள்ளந்தண்டிலை ஏதோ சக்கரம் சுத்துது, சக்தி ஏறுது எண்டு சொல்லுறான். இது பாவமோ, சுவாமி?”

இக்கேள்விக்கு ஆயத்தமான விடைகள் இரண்டு உண்டு. ‘அது பசாசின் வேலை, உடனே நிறுத்தச் சொல்லுங்கள்’ என்பது ஒன்று. ‘எல்லாம் ஒன்றுதான், சக்தி என்றாலும் பரிசுத்த ஆவி என்றாலும் பொருள் ஒன்றே’ என்பது மற்றொன்று. முதலாவது விடை பயத்தில் பிறப்பது. இரண்டாவது விடை சிந்திக்கச் சோம்பற்படுவதில் பிறப்பது. இரண்டையும் அந்தத் தாய்க்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “பெடியனை ஒருக்கால் வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்கோ” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து அவன் வந்தான். முதலில் பிடிகொடாமல் பேசினான். பின்பு மெல்ல மனந்திறந்தான். 2009ஆம் ஆண்டில் வன்னியில் இருந்தபோது அவனுக்கு வயது எட்டு. அங்கே அவன் கண்டவற்றை இங்கே எழுதவேண்டியதில்லை. நம்மில் அநேகருக்கு அவை தெரியும். அன்று தொடங்கி அவனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் நண்பன் ஒருவன் அவனை மூச்சுப் பயிற்சி வகுப்பொன்றுக்குக் கூட்டிச் சென்றான். “மூச்சை எண்ணத் தொடங்கின பிறகுதான் சுவாமி, விடியுமட்டும் நித்திரை கொண்டனான்” என்றான். அதைச் சொன்னபோது அவன் கண்கள் கலங்கின.

அத்தோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது. அவ்விடத்தில் அவனுக்கு அடுத்த படியும் காட்டப்பட்டது. உடம்பில் ஏழு சக்கரங்கள் உண்டென்றும், அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கலாமென்றும், ஒவ்வொரு திறப்புக்கும் ஒவ்வொரு கட்டணமென்றும் சொல்லப்பட்டது. இப்போது அவனுக்கு முதுகில் சூடு ஏறுகிறதாம். புருவ நடுவில் ஒளி தெரிகிறதாம். “செபமாலை எல்லாம் தொடக்கக்காரருக்காம்” என்று சற்றுக் கூச்சத்தோடு சொன்னான்.

“பக்கத்து அறையிலை ஆர் படுக்கிறது?” என்று கேட்டேன்.

“அம்மம்மா. பாரிசவாதம்.”

“இரவிலை கூப்பிடுவாவோ?”

“கூப்பிடுவா, தண்ணி கேட்டு.” சற்று நேரம் பேசாதிருந்தான். “தியானத்தைக் குழப்புது, சுவாமி.”

அந்தக் கடைசி வசனம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவனுடைய சம்மதத்தோடு, அதைப்பற்றியே இன்று வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சக்கரம் என்று சொல்லப்படுவது

நாம் ஏற்காத ஒன்றையும் நேர்மையோடு அறிந்த பின்னரே தீர்ப்பிடவேண்டும். இந்து யோக நூல்களின்படி, கண்ணுக்குத் தெரியும் தூல உடம்புக்குள்ளே சூக்கும உடம்பு ஒன்று உண்டு. அதிலே இடைகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் மூன்று நாடிகள் முதன்மையானவை. சுழுமுனை வழியே ஆறு நிலையங்கள் அமைந்துள்ளன: முள்ளந்தண்டின் அடியில் மூலாதாரம், அதற்குமேல் சுவாதிட்டானம், கொப்பூழில் மணிபூரகம், நெஞ்சில் அநாகதம், கழுத்தில் விசுத்தி, புருவ நடுவில் ஆஞ்ஞை. உச்சியிலே ஆயிரம் இதழ்த் தாமரை. அடியிலே பாம்பைப்போலச் சுருண்டு உறங்கும் குண்டலினி என்னும் சக்தி விழித்து, இந்நிலையங்களைக் கடந்து, உச்சியிலே சிவத்தோடு கூடுவதே இந்த யோகத்தின் இலக்கு. ஆறு தாமரைகளுக்கும் முறையே 4, 6, 10, 12, 16, 2 என இதழ்கள் வகுக்கப்பட்டுள்ளன. கூட்டினால் 50, சமஸ்கிருத எழுத்துக்களும் ஐம்பது என்பது கணக்கு.

தமிழருக்கு இவை புதியவை அல்ல. திருமூலரின் திருமந்திரம் இவற்றை ஆதாரங்கள் என்று பாடுகிறது. சைவ மரபு இவற்றைத் தலங்களாகவும் கண்டது. திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆஞ்ஞை என்பர். மனிதனின் உடம்பே ஒரு யாத்திரை வழி என்பது இதன் கருத்து.

இவை உடற்கூற்றில் காணக்கூடிய உறுப்புக்கள் அல்ல. ஆரிய சமாசத்தைப் பின்னாளில் நிறுவிய தயானந்த சரசுவதி, தம் இளமையில் கங்கையில் மிதந்துவந்த பிரேதம் ஒன்றை இழுத்து அறுத்துப் பார்த்து, நூல்கள் சொல்லும் தாமரைகளைக் காணாமல், அந்நூல்களைக் கிழித்து ஆற்றிலே எறிந்ததாகத் தம் வரலாற்றில் கூறுகிறார். யோகிகளோ, இவை கத்திக்கு அகப்படுவன அல்ல, தியானத்துக்கு உரிய சூக்கும நிலையங்கள் என்பார்கள். ஆகவே ‘சக்தி’ என்பதை மின்சாரத்தைப்போல அளக்கலாம் என்று பேசும் விளம்பரங்கள், விஞ்ஞானத்துக்கும் நியாயம் செய்வதில்லை, யோக நூல்களுக்கும் நியாயம் செய்வதில்லை.

அன்றியும், இன்று படங்களில் காணும் வானவில் நிற வரிசை பழைய நூல்களிலே இல்லை. வங்காளத்தில் பூர்ணானந்தர் 1577இல் ஆறு சக்கரங்களைப்பற்றி எழுதிய நூலை, கல்கத்தா உயர் நீதிமன்ற நீதியரசர் சேர் ஜோன் வூட்றொவ் 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் பின்னரே மேல்நாட்டார் இதில் பெருமளவில் ஈடுபட்டனர். 1927இல் சக்கரங்கள்பற்றி நூல் வெளியிட்டு, இன்றைய பிரபல்யத்துக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் லெட்பீற்றர். இவர் நம் நாட்டுக்கு அந்நியர் அல்லர். அங்கிலிக்கன் குருவாயிருந்து, பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்து, இலங்கையிலே பஞ்சசீலம் ஏற்று, பின்னர் ஆனந்தாக் கல்லூரியான கொழும்புப் பாடசாலைக்கு 1886இல் முதல் அதிபராயிருந்தவர். பிற்காலத்தில் ‘தாராளக் கத்தோலிக்க சபை’ என்ற, உரோமையோடு ஒன்றிப்பில்லாத ஒரு சபையின் ஆயருமானார். ஆகவே நம் இளைஞன் கொழும்பில் காசு கொடுத்துக் கற்றது திருமூலரின் யோகமும் அன்று, புத்தரின் தியானமும் அன்று. பல கைமாறி, பல நாடு சுற்றி, பொதிகட்டித் திரும்பிவந்த ஒரு கலவை.

பழைய நூல்களோ இவ்வளவு இலகுவாகப் பேசுவதில்லை. பதஞ்சலி தமது யோக சூத்திரத்தின் மூன்றாம் பாகத்திலே சித்திகளை வரிசையாகக் கூறிவிட்டு, அவை சமாதிக்கு இடையூறு என்றும் எச்சரிக்கிறார். சைவ சித்தாந்தமோ, ஆன்மா பக்குவப்படும்போது இறைவனின் சத்தி அதன்மேல் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறது. அருளின்றி முயற்சி மட்டும் வீடு தராது என்கிறது. ‘அவர்கள் தாமே ஏறுகிறார்கள், நமக்கு மட்டுமே அருள் இறங்குகிறது’ என்று நாம் பெருமை பேசுவதானால், நம் அயலவரின் சமயத்தை நாம் படிக்கவில்லை என்பதே அதன் பொருளாகும்.

புத்த சமயத்தில்

புத்த சமயத்தில் சக்கரம் என்றவுடன் நினைவுக்கு வருவது தருமச் சக்கரம். அது முள்ளந்தண்டில் சுழல்வதன்று; சாரநாத்தில் புத்தர் செய்த முதற் போதனையால் உருட்டிவிடப்பட்டது. நம் நாட்டில் நிலவும் தேரவாதத்தின் மூலநூல்களாகிய பாளித் திருநூல்களில் ஆறு தாமரைகளும் இல்லை, குண்டலினியும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் நாற்பது தியானப் பொருள்களைக் கூறுகிறது. மூச்சைக் கவனித்தல் அவற்றுள் ஒன்று. அங்கே மூச்சைப் பிடித்து அடக்குவதில்லை. வருவதை வருவதென்றும் போவதைப் போவதென்றும் பார்ப்பதே பயிற்சி.

எனினும் நம் நாட்டிலும் வேறொரு மரபு இருந்திருக்கிறது. கண்டிப் பகுதி விகாரை ஒன்றில் கிடைத்த தியானக் கைநூல் ஒன்றை 1896இல் இலண்டன் பாளி நூற் சங்கம் அச்சிட்டது. அதிலே தியானத்தில் தோன்றும் ஒளிக்குறிகளை உடம்பின் குறித்த இடங்களில் நிறுத்தும் முறை காணப்படுகிறது. திபெத்திய வச்சிரயானத்திலோ சக்கரங்களுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் ஆறு அல்ல. ஏவச்சிர தந்திரத்தில் கொப்பூழ், நெஞ்சு, கழுத்து, உச்சி என நான்கே. அங்கே உட்சூட்டை எழுப்பும் தும்மோ என்னும் பயிற்சியும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஹேபேட் பென்சன் குழுவினர் இமயமலைச் சாரலில் மூன்று துறவிகளைச் சோதித்து, அவர்களின் விரல்களில் வெப்பம் 8.3 பாகை சென்றிகிறேட் வரை உயர்ந்ததை 1982இல் வெளியிட்டனர்.

ஆகவே அந்த இளைஞன் முதுகில் உணரும் சூடு பொய்யென்று நாம் சொல்லவேண்டியதில்லை. பயிற்றப்பட்ட உடம்பு சூடேறும், மனம் அடங்கினால் ஒளி தெரியும். ஆனால், சூடு உண்மை என்பதால் அது தெய்வீகம் ஆகிவிடுமா? இதற்குப் புத்த சமய நூல்களே விடை கூறுகின்றன. பிண்டோல பாரத்துவாசர் என்ற துறவி, உயரத்தில் கட்டிவைத்த சந்தனப் பாத்திரம் ஒன்றை ஆகாயத்தில் எழும்பி எடுத்தார். சனம் ஆரவாரித்தது. புத்தரோ அவரைக் கண்டித்து, பாத்திரத்தை உடைக்கச் செய்து, இத்தகைய வித்தைகளைச் சனங்கள் முன் காட்டுவதைத் துறவிகளுக்குத் தடைசெய்தார் என விநய நூல் கூறுகிறது.

நம் திருச்சபையில்

‘செபத்தில் உடம்புக்கு இடமில்லை’ என்று நினைக்கும் கத்தோலிக்கர் தம் திருச்சபையின் வரலாற்றை அறியாதவர். முழந்தாளிடுகிறோம், நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை வரைகிறோம், உபவாசம் இருக்கிறோம். புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற நூல். அதிலே மூன்றாவது செபமுறையாக அவர் கற்பிப்பது, ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகக் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுவதாகும்.

கீழைத் திருச்சபையிலே, கிரேக்க நாட்டு அதோஸ் மலைத் துறவிகள் யேசுவின் திருநாமத்தை மூச்சோடு இணைத்து, தலையைக் குனிந்து, மனத்தை இருதயத்துள் இறக்கிச் செபித்தனர். பார்லாம் என்ற அறிஞர் அவர்களைக் ‘கொப்பூழில் ஆத்துமம் உடையோர்’ எனக் கேலிசெய்தார். அவர்களுக்காக வாதாடியவர் கிரகோரி பலமாஸ். வாதம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கங்கள்வரை சென்றது. 1341இலும் 1351இலும் கூடிய சங்கங்கள் பலமாஸ் பக்கம் நின்றன. அவர் சொன்னதன் சாரம்: இறைவனின் உள்ளியல்பை எவரும் எட்டமுடியாது, ஆனால் அவருடைய செயல்கள் நம்மை உண்மையாகவே வந்தடைகின்றன. இச்செயலைக் குறிக்க அவர் கையாண்ட சொல் ‘எனெர்கேயா’. இன்று எல்லாரும் சொல்லும் ‘எனர்ஜி’ என்ற சொல்லின் தாய் இதுவே. கீழைத் திருச்சபையின் இவ்விளக்கத்தின் நுணுக்கங்களை மேலைத் திருச்சபை வேறு சொற்களால் பேசிவந்தது உண்மை. ஆயினும் அச்சொல்லைப் புனித சின்னப்பரும் கையாண்டுள்ளார். தம்முள்ளே வல்லமையோடு செயலாற்றும் கிறிஸ்துவின் ஆற்றலைக்கொண்டே தாம் பாடுபடுவதாகக் கொலோசையருக்கு எழுதுகிறார்.

கவனியுங்கள். சின்னப்பருக்கு அந்த ஆற்றல் முள்ளந்தண்டின் அடியில் உறங்கும் சரக்கன்று. அது ஒருவருடைய ஆற்றல், கிறிஸ்துவினுடையது. எபிரேய மொழியிலும் கிரேக்க மொழியிலும் ஆவிக்கும் மூச்சுக்கும் ஒரே சொல். நம் தமிழிலும் ‘ஆவி’ என்பதற்கு மூச்சென்ற பொருள் உண்டு. உயிர்த்த ஆண்டவர் சீடர்மேல் ஊதிப் பரிசுத்த ஆவியை அளித்தார். நாம் பிடித்துவைக்கும் மூச்சு ஒன்று. நம்மேல் அன்போடு ஊதப்படும் மூச்சு வேறொன்று. முந்தியது பிந்தியதற்கு நம்மை ஆயத்தப்படுத்தலாம். ஆனால் அதன் இடத்தைப் பிடிக்கமுடியாது.

ஆடையைத் தொட்ட பெண்

இதை நன்றாக விளக்குவது மாற்கு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்பெருக்கால் வருந்திய பெண் ஒருத்தி, வைத்தியருக்குக் கைப்பொருளெல்லாம் கொடுத்து இழந்தவள், கூட்டத்துக்குள் புகுந்து யேசுவின் ஆடையைத் தொட்டாள். தொட்டவுடன் சுகமானாள். தம்மிடமிருந்து வல்லமை வெளிப்பட்டதை ஆண்டவர் உணர்ந்தார்.

‘பாருங்கள், யேசுவிடமும் சக்திதானே இருந்தது’ என்று சொல்வோர் இவ்விடத்தைக் காட்டுவதுண்டு. அவர்கள் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நற்செய்தி நிறுத்தவில்லை. பெண் விரும்பியது வல்லமையை மட்டுமே. தொட்டுவிட்டு ஒருவரும் அறியாமல் மறைந்துபோகவே அவள் எண்ணினாள். நோயும் நீங்கிவிட்டது. வேறென்ன வேண்டும்? ஆண்டவரோ நின்றார், திரும்பினார், யார் தொட்டதென்று கேட்டார். நெருக்கும் கூட்டத்தில் இதென்ன கேள்வி என்று சீடர் திகைத்தனர். அவரோ அவளைக் காணும்வரை சுற்றிலும் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவள் நடுங்கி வந்து உண்மையெல்லாம் சொன்னாள். அப்போது அவளை அவர் மகளே என்று அழைத்தார்.

முகமற்ற வல்லமையை நாடி வந்தவள் ஒரு முகத்தைக் கண்டாள். சுகத்தோடு ஓடிவிட நினைத்தவளுக்கு உறவு கிடைத்தது. கிறிஸ்தவன் அருள் என்று சொல்வதன் பொருள் இதுவே. அருள் என்பது எடுத்துப் பயன்படுத்தும் சக்தியன்று. நம்மைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒருவர் தம்மையே நமக்குத் தருவது. சக்தியை நாம் ஆளலாம், சேமிக்கலாம், விற்கவும் செய்யலாம். அன்புசெய்கிறவரை ஆளமுடியாது, அவருக்குப் பதில்தான் சொல்லமுடியும்.

எதைக்கொண்டு அளப்பது?

பூர்ணானந்தர் ஆறு சக்கரங்களைப்பற்றி எழுதிய அதே 1577ஆம் ஆண்டில், ஸ்பானிய நாட்டிலே அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் ‘உட்கோட்டை’ என்ற நூலை எழுதினார். ஒருவரையொருவர் அறியாத இருவர். தெரேசம்மாள் ஆத்துமத்தை ஏழு மாளிகைகள் கொண்ட கோட்டையாகக் காண்கிறார். ஏழு மாளிகையும் ஏழு சக்கரமும் ஒன்றே எனச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எண் ஒத்திருப்பது உண்மை. ஆனால் தெரேசம்மாளின் மாளிகைகள் உடம்பின் இடங்கள் அல்ல. நடுவில் குடியிருக்கும் அரசரோடு உள்ள நட்பின் படிகள். பரவசங்களையும் காட்சிகளையும் அவர் நிறையவே அனுபவித்தவர். ஆயினும் அவற்றை அளவுகோலாகக் கொள்ளவில்லை.

ஐந்தாம் மாளிகையைப்பற்றி எழுதும்போது அவர் சொல்வது நம் இளைஞனுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. பக்தி கலைந்துவிடுமோ என்று அசையவும் பயந்து செபத்தில் மூழ்கியிருக்கும் சகோதரிகளைப் பார்த்து, ஐக்கியத்தின் வழி இவர்களுக்கு விளங்கவில்லையே என்று இரங்குகிறார். நோயுற்ற ஒரு சகோதரிக்கு உதவமுடியுமானால் பக்தி போய்விடுமென்று அஞ்சாதே, போய் உதவு. ஆண்டவர் கேட்பது அதையே என்பது அவர் அறிவுரை. நூலின் முடிவிலும், மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்கவேண்டும் என்கிறார்.

மற்ற இருவரையும் கேட்போம். நடமாடும் கோயிலாகிய மனிதருக்குக் கொடுப்பது கோயிலில் உறையும் இறைவனைச் சேரும், இறைவனுக்குப் படைப்பதோ மனிதரைச் சேராது என்னும் கருத்தைத் திருமூலர் பாடியுள்ளார். ஆறு ஆதாரங்களையும் அறிந்த அதே திருமூலர்தாம். புத்தரோ, வயிற்றோட்டத்தால் தன் மலசலத்திலேயே கவனிப்பாரின்றிக் கிடந்த துறவி ஒருவரைக் கண்டு, ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலே கழுவிக் கிடத்தினார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று மற்றத் துறவிகளுக்குச் சொன்னார். நம் ஆண்டவர் இறுதித் தீர்வையைப்பற்றிப் பேசியபோது, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்ததையும் நோயாளியைப் பார்க்கச் சென்றதையும் தமக்கே செய்ததாகக் கணக்கிடுவதாகச் சொன்னார்.

மூன்று சமயங்களும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அவை ஒன்றல்ல. சிவத்தோடு கூடுதல் வேறு, நிர்வாணம் வேறு, பிதாவின் பிள்ளையாக அவருடைய வாழ்வில் பங்குபெறுதல் வேறு. ஆனால் அந்த இளைஞனின் வீட்டு அறை வாசலில், தண்ணீர் கேட்கும் அம்மம்மாவின் படுக்கையருகில், திருமூலரும் புத்தரும் தெரேசம்மாளும் ஒரே திசையைக் காட்டுகிறார்கள். அவளுடைய குரல் ‘தியானத்தைக் குழப்புகிறது’ என்று சொல்லும் தியானத்தை இம்மூவரில் ஒருவரும் ஏற்கமாட்டார்.

புனித சின்னப்பர் கலாத்தியருக்கு ஆவியின் கனிகளை எண்ணிக் காட்டுகிறார். அன்பு, மகிழ்ச்சி, சமாதானம், பொறுமை, பரிவு, சாந்தம், தன்னடக்கம் என்று செல்லும் அந்த வரிசையில் முதுகுச் சூடும் இல்லை, புருவ ஒளியும் இல்லை.

நம்முடைய குற்றம்

இதுவரை வாசித்துவிட்டு, ‘நல்லாய்ச் சொன்னார், அந்தப் பெடியனுக்கு வேணும்’ என்று யாரும் மகிழவேண்டாம். சமாரியாவில் சீமோன் என்ற மந்திரவாதி, அப்போஸ்தலர் கைவைத்து ஆவியை அளிப்பதைக் கண்டு, அந்த வல்லமையைத் தனக்கும் விற்கும்படி பணம் நீட்டினான், இராயப்பர் கடிந்துகொண்டார். அந்தச் சீமோன் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதை மறக்கக்கூடாது. நம்மிடையே தீர்த்தத்தையும் எண்ணெயையும் சுரூபத்தையும் ஒருவகைச் சக்திப் பொருளாக நடத்துவோர் இல்லையா? சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய், உடம்பு நடுங்கியதா, கீழே விழுந்தோமா என்பதைக்கொண்டு பரிசுத்த ஆவியை அளப்போர் இல்லையா? கூட்டம் முடிந்து வீடு திரும்பி, ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் உடன்பிறப்போடு இன்னும் பேசாமலே இருப்பதானால், அந்த நடுக்கம் எந்த ஆவியால் வந்தது?

இன்னொரு குற்றமும் உண்டு. அந்தப் பிள்ளை பல வருடம் நித்திரையின்றி இருந்தான். ஞாயிறுதோறும் பூசைக்கு வந்தான். ‘ஏன் செபமாலைக்கு வரவில்லை’ என்று கேட்க நம்மில் பலர் இருந்தோம். ‘இரவிலே நித்திரை வருகிறதா மகனே’ என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. குருவாகிய நானும் கேட்கவில்லை. நாம் கேட்காத கேள்வியை வேறெவரோ கேட்டார்கள். அவன் அவர்களிடம் போனான். இதில் அவனைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

குடும்பங்களுக்கு

தாய் கேட்ட கேள்விக்கு இனி நேராக விடை சொல்லவேண்டும். அமைதியாக இருந்து மூச்சைக் கவனிப்பது பாவமன்று. பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் கற்பித்தது. தமிழ்நாட்டில் குளித்தலைக்கு அருகே 1950இல் இரு பிரெஞ்சுக் குருமார் தொடங்கிய சாந்திவனம் ஆச்சிரமத்தில் கத்தோலிக்கத் துறவிகள் இவ்வழியிலே நடந்து பார்த்தனர். பின்னர் 1989இல், தெரேசம்மாளின் திருநாளாகிய ஒக்டோபர் 15இல், விசுவாசப் போதனைக்கான திருச்சங்கம் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. கையொப்பமிட்டவர் அப்போது கர்தினாலாயிருந்த, பின்னர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் எனப் பாப்பரசரான றாட்சிங்கர். கீழைத்தேய முறைகள் செபத்துக்கு ஆயத்தமாக உதவக்கூடும். ஆனால் அவற்றால் வரும் அமைதி, ஒளி, சூடு ஆகியவற்றைப் பரிசுத்த ஆவியின் ஆறுதலென்று கொள்வது பிழை. வாழ்வில் ஒழுக்கம் அதற்கேற்ப இராவிட்டால் அது மனக்குழப்பத்துக்கும் இட்டுச் செல்லும் என்பது அதன் எச்சரிக்கை.

எனவே வரம்பு எங்கே? மூச்சும் ஆசனமும் உடம்புக்கு உதவுமாயின் நன்று. ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் உரிய மந்திரமும் தேவதையும் உண்டு. அவற்றைச் செபித்து வணங்குவது இந்துக்களுக்கு வழிபாடு. அதைக் கிறிஸ்தவன் தன் வழிபாடாகச் செய்யமுடியாது. வெறும் பயிற்சியென்று விளையாடுவதோ அவர்களின் பக்தியை அவமதிப்பதாகும். தன்னைத் தானே மீட்கலாம் என்ற எண்ணமும், பூசையையும் தேவநற்கருணையையும் ‘தொடக்கக்காரருக்கு’ என ஒதுக்கும் பெருமையும் வந்தால், அங்கே வழி தவறிவிட்டது. கட்டணத்துக்கு அருள் விற்கப்படும் இடத்தில் சீமோனை நினைவுகூருங்கள். கடுமையான மூச்சுப் பயிற்சியால் படபடப்போ, நித்திரையின்மையோ, இல்லாத குரல்கள் கேட்பதோ உண்டானால் அதை ஞானத்தின் அடையாளமென்று மறைக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். யுத்தத்தின் காயம் மனத்தில் உள்ளவர்கள் மனநல வைத்தியரை நாடுவது விசுவாசக் குறைவன்று.

தாய்மாருக்கு ஒரு சொல். கதவைத் தட்டிச் சண்டைபிடித்து ஒருவனையும் செபமாலைக்குக் கொண்டுவர முடியாது. நம் செபமாலையையும் சற்றுப் பார்ப்போம். அடுப்பில் சோற்றையும் தொலைக்காட்சியில் கண்ணையும் வைத்துக்கொண்டு ஓடி ஓடிச் சொல்லுகிறோமே, அதில் மூச்சுவிட இடமிருக்கிறதா? அமைதியைத் தேடும் பிள்ளைக்கு நாம் இரைச்சலை அல்லவா கொடுக்கிறோம்?

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவே: “செபமாலை தொடங்கமுதல் எல்லாரும் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கோ. எப்படி இருக்கிறதெண்டு அவனே சொல்லித் தரட்டும். பிறகு மெல்லமாய்ச் சொல்லுங்கோ. அம்மம்மாவின்ரை கட்டிலடியிலை இருந்து சொல்லுங்கோ.” இளைஞனிடம் சொன்னது அதிலும் குறைவு: “அவ கூப்பிடேக்கை எழும்பு. எழும்பினதாலை போற தியானமெண்டால் போகட்டும்.”

சில மாதங்களின் பின் தாயைக் கண்டேன். மகன் முழுச் செபமாலைக்கும் இருக்கிறான் என்று சொல்லமுடியாதாம். சில நாள் இருப்பான், சில நாள் அறைக்குள் போய்விடுவான். கட்டணம் கட்டும் வகுப்பை விட்டுவிட்டான். மூச்சை எண்ணுவதை விடவில்லை, நித்திரை கொள்கிறான். “ஆனால் சுவாமி, இப்ப கதவைச் சாத்துறானில்லை” என்றார்.

அந்தத் திறந்த கதவுக்காக நான் தேவனுக்கு நன்றி கூறினேன்.